7 × 8 என்றால் நின்றுவிடுகிறான்: கற்றல் சிரமம் உள்ள பிள்ளைக்கு வாய்ப்பாடு எப்படிப் பழக்குவது?

சென்சூரியன்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் பையன் கிரேடு 4 படிக்கிறான். டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில், எழுதுவதில் சிரமம்), கூடவே கவனம் நிற்காத பிரச்சினை என்று எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாசிப்புக்கு உதவி கிடைக்கிறது, முன்னேற்றமும் தெரிகிறது. கணக்குதான் இடிக்கிறது. கிரேடு 3 வரை 2, 3, 4, 5, 10 இவ்வளவுதான் வாய்ப்பாடு. கிரேடு 4 வந்ததும் 10 × 10 வரை எல்லாம் வேண்டும் என்கிறார்கள். திங்கட்கிழமை நேரம் வைத்து மென்டல் மேத்ஸ் (மனக்கணக்கு) டெஸ்ட், மார்க்கைச் சத்தமாக வாசிப்பார்கள். ஞாயிறு சாயங்காலமே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான்.

மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார். தினமும் விளக்கேற்றியதும் அவனை உட்கார வைத்து "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று பாட வைக்கிறார். நன்றாகவே பாடுகிறான். ஆனால் நடுவில் "ஆறேழு எவ்வளவுடா?" என்று கேட்டால் ஓரேழிலிருந்து தொடங்கி விரலை மடக்கிக்கொண்டே வருகிறான். மறுநாள் கேட்டாலும் அதே கதை. பெரியவரிடம் நிறுத்தச் சொல்லவும் மனசு வரவில்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். ஆப் பெயர் மட்டும் வேண்டாம், வாங்கி வைத்ததே போதும்.

மிட்ராண்ட்_ராஜா:

சிஸ்டர், நாமெல்லாம் எப்படிப் படிச்சோம்? சிலேட்டுல பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் எழுதினோம், தப்பினா பிரம்பு. டிஸ்லெக்ஸியா, அது இதுன்னு அப்ப யாரும் சொல்லல. தினம் ஒரு வாய்ப்பாட்டைப் பத்துத் தடவை எழுத வைங்க, தன்னால வந்துரும். இங்க ஸ்கூல்ல எல்லாத்துக்கும் ஒரு பேர் வச்சு நம்மள பயமுறுத்துறாங்க.

யாழ்_ஜோபர்க்:

ராஜா அண்ணை, உங்கட வகுப்பில அடி வாங்கின எல்லாருக்கும் வாய்பாடு வந்ததோ? வராததுகள் எட்டாம் வகுப்போட நிண்டிட்டுதுகள். இங்க வந்து எழுத அவை இல்லை, அவ்வளவுதான். அப்ப ஒருத்தரும் சொல்லேல்லை எண்டதும் சரியில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில லாடிஸ்லாவ் கோஷ்ச் எண்டவர் 1974-லயே டிஸ்கால்குலியாவை, அதாவது எண்ணும் கணக்கும் பிடிபடாத சிரமத்தைப் பற்றி விபரமா எழுதிப்போட்டார். எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அது வந்து சேரேல்லை.

என்ட மகளுக்கு அதுதான். அவவுக்கு வாய்பாடு மட்டுமில்லை, மேசையில நாலு கரண்டி கிடந்தாலும் ஒண்டொண்டா எண்ணித்தான் நாலு எண்டு சொல்லுவா. அக்கா, உங்கட மகனுக்கு அப்பிடி ஏதும் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ. மூண்டு, நாலு புளியங்கொட்டையை மேசையில போட்டுக் காட்டிப்போட்டு உடன கையால மூடுங்கோ. எண்ணாமல் சொல்லுறாரோ? 7 பெரிசோ 9 பெரிசோ எண்டு கேட்டால் யோசிக்கிறாரோ? அதிலயே தடுமாற்றம் எண்டால் பெருக்கலை இப்ப தொடாதேங்கோ. நாங்கள் மகளோட புள்ளி அட்டையில இருந்து தொடங்கினனாங்கள், 5-க்குள்ள கனகாலம் நிண்டனாங்கள். டிஸ்லெக்ஸியா மட்டும் உள்ள பிள்ளைக்கு அவ்வளவு கீழ போகத் தேவையில்லாமல் இருக்கலாம். ரெண்டும் சேர்ந்து வாற பிள்ளையளும் இருக்கினம்.

ஃபீனிக்ஸ்_டீச்சர்:

நான் டர்பனில் ரெமிடியல் டீச்சராக (கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுப்பவர்) இருந்து ஓய்வு பெற்றவள். தமிழ் கோயில் வகுப்பில் கற்றது, அதனால் கொஞ்சம் புத்தக வாடை அடிக்கும்.

அம்மா, பாட்டியை நிறுத்த வேண்டாம். ஆனால் மகனிடம் இருப்பது பாட்டுதான். வரிசையாகச் சொல்லும்போது ஒரு வரி அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வருகிறது. நம் தேசிய கீதத்தின் ஆஃப்ரிகான்ஸ் பகுதியைத் தனியாகத் தொடங்கு என்றால் நாமே முதல் சொல்லான 'ன்கோசி'யிலிருந்துதான் பாடிக்கொண்டு வருவோம். வாய்மொழியாக ஒன்றைப் பிடித்து வைப்பதிலேயே சிரமம் உள்ள பிள்ளைக்கு அந்தச் சங்கிலியை அறுத்து ஒரு கண்ணியை மட்டும் எடுப்பது இன்னும் கடினம். பத்துத் தடவை எழுத வைப்பதும் இதே கதைதான்: மூன்றாவது தடவைக்கு மேல் அவன் மேல் வரியைப் பார்த்துக் கீழே எழுதுவான், மனம் வேறெங்கோ இருக்கும்.

முதலில் பயத்தைக் குறையுங்கள். ஒரு 10 × 10 கட்டம் போட்டு விரியுங்கள். நூறு பெட்டிகள். 3 × 7-உம் 7 × 3-உம் ஒன்றே என்று பொத்தான்களை வரிசையாக அடுக்கி, அட்டையைத் திருப்பிக் காட்டுங்கள். நூறு 55 ஆகிவிடும். அதில் 1, 2, 5, 10 வரும் பெட்டிகளை அவன் கையாலேயே வண்ணம் அடிக்கட்டும், மிச்சம் 21. ஒன்பதுக்குப் பத்து மடங்கு எடுத்து ஒரு மடங்கு குறைத்தால் போதும். 9 × 6 என்றால் 60-இல் 6 போக 54. அதையும் அடித்தால் 15. நான்கு என்பது இரட்டித்ததை மறுபடி இரட்டிப்பது. 4 × 7 என்றால் 14, பிறகு 28. அதுவும் போனால் மிஞ்சுவது பத்துதான்: 3 × 3, 3 × 6, 3 × 7, 3 × 8, 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8. வெள்ளையாகப் பத்துப் பெட்டி மட்டும் நிற்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகம் வேறு.

ஆனால் பத்தையும் ஒரே வாரத்தில் தொடாதீர்கள். குழப்பும் ஜோடிகளைப் பிரித்து வையுங்கள். 7 × 8 = 56 படிக்கும் வாரத்தில் 6 × 9 = 54 பக்கமே போகக் கூடாது.

அட்டை முறை ஒன்று உண்டு. அவனுக்கு நன்றாகத் தெரிந்த கணக்குகளை ஒன்பது அட்டையில் எழுதுங்கள். நன்றாக என்றால் விரல் இல்லாமல், யோசிக்காமல். புதுசு ஒரே ஒரு அட்டை. புதுசைக் காட்டி விடையோடு சொல்லிக் கொடுங்கள். பிறகு புதுசு, தெரிந்தது ஒன்று. மறுபடி புதுசு, தெரிந்தது இரண்டு. மறுபடி புதுசு, தெரிந்தது மூன்று. இப்படி ஒன்பது வரை. ஒவ்வொரு சுற்றிலும் புது அட்டைக்கு முன்னால் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது, அந்த இடைவெளியைத் தாண்டி நினைவிலிருந்து எடுக்கப் பழகுகிறான். பத்தில் ஒன்பது சரியாக வருவதால் மனமும் சோர்வதில்லை. உங்கள் மகனுக்குக் கவனம் நிற்காது என்பதால் ஒன்பதுக்குப் பதில் ஐந்தோடு தொடங்குங்கள். புது அட்டையில் தடுக்கினால் மூன்று வினாடி பொறுத்து நீங்களே விடையைச் சொல்லுங்கள். அவன் கேள்வியும் விடையுமாகச் சேர்த்துத் திருப்பிச் சொல்லட்டும். ஊகிக்க விடாதீர்கள், தப்பு விடையும் அதே மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. வாய்ப்பாட்டில் நிற்கும் கிரேடு 4 பிள்ளைகள் நிறையப் பேருக்கு 20 வரை பாண்ட்ஸே, அதாவது எந்த இரண்டு எண் சேர்ந்தால் எவ்வளவு என்பதே, உறுதியாக இருக்காது. 8 + 5 கேட்டுப் பாருங்கள்.

சென்சூரியன்_அம்மா:

டீச்சர், கட்டம் போட்டு வண்ணம் அடித்தோம். நீங்கள் சொன்னது சரி, பத்து மட்டுமா என்று நம்பவில்லை, திரும்பத் திரும்ப எண்ணினான்.

புளியங்கொட்டை நாலைப் பார்த்ததும் சொல்லிவிட்டான், அண்ணா. 9 பெரிது என்பதிலும் தயக்கமில்லை. ஆனால் 8 + 5-க்கு மேசைக்குக் கீழே விரல். பள்ளியில் இனி விரலே கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம், அதனால் ஒளித்து வைத்து எண்ணுகிறான். விரலை விடலாமா, தடுக்கணுமா?

கேப்டவுன்_நிலா:

அக்கா, தடுக்காதீங்க. ஒளிச்சு எண்ணும்போது பாதி கவனம் ஒளிக்கிறதிலேயே போயிடும். நான் கல்வி உளவியல் படிக்கிறேன், எங்க பேராசிரியர்கள் எல்லாரும் விரலைக் கருவியாத்தான் பார்க்கிறாங்க. எப்படி எண்ணுறான்னு கவனிங்க. 8 + 5-க்கு ஒண்ணுலேர்ந்து எண்ணுறானா, எட்டை மனசுல வச்சு 9, 10, 11-ன்னு போறானா? ஒண்ணுலேர்ந்துன்னா, எட்டிலேர்ந்து தொடர்றதுதான் அடுத்த படி. அது வந்ததும் பத்தை நிரப்பறது: எட்டுக்கு இன்னும் ரெண்டு போட்டா பத்து, அஞ்சுல மிச்சம் மூணு, ஆக 13.

நம்ம வீட்டுப் பெரியவங்க கட்டை விரலால விரல் கணுவைத் தொட்டுத்தான் எண்ணுவாங்க, நாலு விரல், பன்னிரண்டு கணு. என் ஆச்சி அப்படியே பால் கணக்கு முழுக்கப் போட்டுடுவாங்க. ஆனா இந்தப் பையனுக்கு முழு விரல்தான் நல்லது. ஏழுன்னா ஒரு கை முழுசும் ரெண்டு விரலும்னு கண்ணுக்குத் தெரியணும். கணுவுல அந்த அஞ்சும் பத்தும் மறைஞ்சிடும்.

பன்னிரண்டு முட்டை அட்டையில ரெண்டு குழியை வெட்டி எடுத்தா அஞ்சும் அஞ்சுமா பத்துக் குழி வரும். எட்டுக் கொட்டையைப் போட்டா ரெண்டு காலியா இருக்கறது தானா தெரியும். கழித்தலுக்கும் இதேதான். 13 - 8 என்றால் பின்னாடி எண்ண வேண்டாம், எட்டிலேர்ந்து பத்துக்கு ரெண்டு, பத்திலேர்ந்து 13-க்கு மூணு, ஆக அஞ்சு. பின்னாடி எண்ணுறதுலதான் இந்தப் பிள்ளைங்க ரொம்பத் தொலைஞ்சு போறாங்க.

அந்தத் திங்கட்கிழமை டெஸ்டை மட்டும் எனக்கு ஏத்துக்க முடியல. கடிகாரத்தை வச்சா பயம், பயம் வந்தா கணக்குக்கு வேண்டிய இடத்தை அதுவே பிடிச்சுக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_தேவி:

என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். காதால் கேட்டது நிற்காது, கண்ணால் பார்த்தது நிற்கும். கடையில் விற்கும் எண் வடிவப் பலகைகள் விலை அதிகம், அதனால் அட்டையில் பாட்டில் மூடிகளை இரண்டிரண்டாக ஒட்டி 1 முதல் 10 வரை நாங்களே செய்தோம். ஒற்றை எண்ணில் ஒரு மூடி துருத்திக்கொண்டு நிற்கும். 7-உம் 3-உம் பொருந்திப் பத்தாகும்போது கை தட்டுவான். பெருக்கல் இதுவரை தொடவில்லை, அவசரமும் இல்லை.

மிட்ராண்ட்_ராஜா:

நிலா மேடம், கடிகாரம் கூடாதுன்னு பொதுவாச் சொல்லிட்டுப் போனா எப்படி? சும்மா திட்டாதீங்க, நானும் தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல கல்வி அறிவியல் கழகம் 2021-ல ஒரு வழிகாட்டி போட்டிருக்கு, கணக்குல தடுமாறுற ஆரம்பப் பள்ளிப் பிள்ளைங்களுக்குன்னே. அதுல ஆறு பரிந்துரை. அதுல ஒண்ணு, நேரம் வச்சுப் பயிற்சி குடுங்கங்கறது. நான் சொன்னா பழைய ஆளு. அவங்க சொன்னா?

கேப்டவுன்_நிலா:

சார், நீங்க சொல்ற வழிகாட்டி எனக்கும் தெரியும். அதுலயே மத்த பரிந்துரைகளையும் படிங்க. படிப்படியா வெளிப்படையாச் சொல்லிக் குடுக்கணும், பொருளையும் படத்தையும் வச்சுக் காட்டணும், எண்கோடு பயன்படுத்தணும். நேரப் பயிற்சி அதுக்கெல்லாம் மேல வர்றது. தெரிஞ்ச கணக்கை வேகமாக்கத்தான் அது. தெரியாத கணக்குக்குக் கடிகாரம் வச்சா என்ன வேகமாகும்? வகுப்பு முழுக்கப் பார்க்கிற மாதிரி மார்க்கைச் சத்தமா வாசிக்கிறதுக்கும் வீட்டுல நேத்தைவிட இன்னைக்கு ஒரு அட்டை கூடன்னு பார்க்கிறதுக்கும் வித்தியாசம் இல்லையா?

ஃபீனிக்ஸ்_டீச்சர்:

இருவர் சொல்வதிலும் பாதி பாதி இருக்கிறது. நான் கடிகாரம் வைத்திருக்கிறேன், ஒரு நிமிட மணற்கடிகாரம். ஆனால் விரல் இல்லாமல் சரியாகச் சொல்லும் அட்டைகளுக்கு மட்டும், அதுவும் பிள்ளை கேட்டால். இந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்கிறான். அவன் விஷயத்தில் ராஜாவின் கட்சி இப்போதைக்குத் தோற்றது.

சாட்ஸ்வர்த்_பையன்:

ஆன்ட்டி, உங்க பையனுக்குத் துனி சீட்டாட்டம் சொல்லிக் கொடுங்க! சீரியஸா சொல்றேன். எங்க பள்ளியில கணக்குல ஃபெயில் ஆன பசங்க எல்லாம் துனியில சூரன். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஒரு பூவுக்கு 76, நாலு பூவுக்கு 304. எதிர்க்கட்சி 105 எடுத்துச்சா இல்லையான்னு கை முடியறதுக்குள்ள அத்தனை பேரும் சொல்லிடுவாங்க. பேப்பர் கிடையாது.

மிட்ராண்ட்_ராஜா:

தம்பி, எங்க ஊர்ல இதையே முந்நூத்தி நாலுன்னு ஆடுவோம்! இங்கயும் இருக்கா? டர்பன்ல எங்க ஆடுறாங்க?

ஃபீனிக்ஸ்_டீச்சர்:

எங்கே ஆடவில்லை என்று கேளுங்கள்.

பையன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் துனி முழுசாகக் கொடுத்தால் துருப்பு, கூட்டாளி, சைகை என்று கவனம் நிற்காத பிள்ளை முதல் கையிலேயே ஓடிவிடுவான். ஆட்டம் வேண்டாம், சீட்டு போதும். ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து, இரண்டு சேர்ந்து பத்து வந்தால் எடுத்துக்கொள். அது வந்த பிறகு இரண்டு சீட்டைத் திருப்பி இரட்டிப்பு, பெருக்கல் என்று போகலாம்.

சென்சூரியன்_அம்மா:

மாமியாரிடம் சீட்டு என்று சொன்னால் வீட்டை விட்டே போய்விடுவார்! அவர் பெட்டியிலிருந்து பல்லாங்குழியை எடுத்துவிட்டார். பதினாலு குழி, குழிக்கு ஐந்து சோழி. நாலு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அதனால் குழியைப் பார்த்ததும் மூன்றா நாலா என்று சொல்லியாக வேண்டும். "ஏழு குழி, குழிக்கு அஞ்சு, உன் பக்கம் எத்தனை?" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். முப்பத்தைந்து என்று ஓரைந்து பாடாமல் சொன்னான்.

இதில்தான் என் அடுத்த சந்தேகம். பாட்டி தமிழில் கேட்கிறார், பள்ளியில் இங்கிலீஷ். அவனுக்கு அஞ்சேழு முப்பத்தைந்து என்பதும் செவன் ஃபைவ்ஸ் என்பதும் இரண்டு கணக்காகத் தெரியுமோ?

யாழ்_ஜோபர்க்:

எங்களுக்கும் இதே பயம் இருந்தது. கணக்கின்ட விளக்கம் எந்த மொழியிலயும் போய்ச் சேரும், அது பிரச்சினையில்லை. ஆனால் மனப்பாடமாகின விடை எந்த மொழியில படிச்சமோ அந்த மொழியிலதான் வேகமா வரும். எனக்கு நாப்பத்தைஞ்சு வயசு, இப்பவும் தமிழிலதான் பெருக்கிப்போட்டு இங்கிலீஷில சொல்லுறன். பிள்ளை பரீட்சையில அந்த மொழிமாற்றத்தையும் சேர்த்துச் செய்தால் சுமை. நாங்கள் விளையாட்டும் விளக்கமும் தமிழில, அட்டை இங்கிலீஷில எண்டு வைச்சிருக்கிறம். பெரியவவின்ட பல்லாங்குழியைத் தொடாதேங்கோ, அது நல்லாத்தான் போகுது.

மிட்ராண்ட்_ராஜா:

மின்வெட்டு நேரத்துல பாட்டியும் பேரனும் இருட்டுல வாய்க்கணக்கு போடலாம். ஆப் பேர் சொல்லாதீங்கன்னு சொன்னதால இதைச் சொல்றேன்.

பெனோனி_கவிதா:

என் கேள்வி கொஞ்சம் வேறு. மகள் கிரேடு 8, டிஸ்கால்குலியா என்று இப்போதுதான் தெரிந்தது. மெட்ரிக்கில் (கிரேடு 12 இறுதித் தேர்வு) கணக்கு கட்டாயம் என்கிறார்கள். என்ன செய்வது?

கேப்டவுன்_நிலா:

கவிதா அக்கா, கிரேடு 10-ல வழக்கமான மேத்ஸுக்குப் பதிலா மேத்தமேட்டிகல் லிட்டரசி எடுக்கலாம். வட்டி, பில், வரைபடம், அளவு இந்த மாதிரி அன்றாடக் கணக்கு, கால்குலேட்டரும் உண்டு. 2008 மெட்ரிக்கிலேர்ந்து இருக்கு. எஞ்சினியரிங், அறிவியல், பி.காம். பக்கம் போகணும்னா அது பெரும்பாலும் உதவாது, அதைத் தெரிஞ்சே முடிவு பண்ணுங்க. டிஸ்கால்குலியா உறுதியான பிள்ளைக்கு ரெண்டிலேர்ந்தும் விலக்கு கேட்டு, பதிலா வேற ஒரு பாடம் எடுக்கவும் விதியில இடம் இருக்கு. ஆனா பள்ளி வழியா மாகாணக் கல்வித் துறைக்கு விண்ணப்பம் போகணும், சைக்காலஜிஸ்ட் அறிக்கை வேணும். கிரேடு 12 வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே பள்ளியில பேச ஆரம்பிங்க. கிரேடு 8-லேயே மகள் கணக்கை விட்டுடலாம்னு நினைச்சுடவும் வேண்டாம். ரேண்டு, நேரம், சதவீதம் இதெல்லாம் எந்தப் பாடத்தை எடுத்தாலும் துரத்திக்கிட்டு வரும்.

சென்சூரியன்_அம்மா:

பள்ளியில் பேசுவது என்றதும் ஞாபகம் வருகிறது. திங்கட்கிழமை டெஸ்டைப் பற்றி வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே விதி, உங்கள் பையனுக்கு மட்டும் மாற்ற முடியாது என்கிறார். சைக்காலஜிஸ்ட் அறிக்கை ஆபீஸ் ஃபைலில் இருக்கிறதாம். அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

ஃபீனிக்ஸ்_டீச்சர்:

ஃபைலில் இருந்தால் போதாது, அம்மா. 2014-இல் வந்த சயஸ் (SIAS) கொள்கை, அதாவது பிள்ளையின் சிரமத்தைக் கண்டறிந்து உதவுவதற்கான அரசுக் கொள்கை, இதற்குத்தான். சிரமம் தெரிந்ததும் வகுப்பு டீச்சர் எஸ்என்ஏ 1 (SNA 1) என்ற உதவித் தேவைப் படிவத்தை நிரப்ப வேண்டும், அதில் பெற்றோர் சொல்வதும் இடம்பெற வேண்டும். வகுப்பிலேயே செய்யும் உதவி போதவில்லை என்றால் பள்ளியின் ஆதரவுக் குழு எஸ்என்ஏ 2 வழியாகப் பிள்ளைக்கென்று தனித் திட்டம் போடும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் மாவட்டக் குழு. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் கல்வி பற்றிய 2001 வெள்ளை அறிக்கை 6-லிருந்து நம் நாட்டின் சட்டமும் கொள்கையும் பிள்ளையின் பக்கம்தான். சுணக்கம் எல்லாம் படிவம் நிரப்புவதில்தான். டீச்சர் மேல் கோபப்பட வேண்டாம், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பவருக்கு இன்னொரு காகிதம் என்பது பாரம்.

எனவே கேட்பதைச் சுலபமாக்கிக் கொடுங்கள். "உதவி வேண்டும்" என்று எழுதாதீர்கள். மென்டல் மேத்ஸ் டெஸ்டில் கூடுதல் நேரம், விடையை வாயால் சொல்ல அனுமதி, மார்க்கைச் சத்தமாக வாசிக்காமல் இருப்பது, மேசையில் வாய்ப்பாட்டுக் கட்டம் ஒட்டி வைப்பது என்று எழுதுங்கள். கட்டம் ஒட்டினால் படிக்கவே மாட்டான் என்பார்கள். அவன் வண்ணம் அடித்த அதே கட்டத்தைக் கொடுங்கள், வெள்ளைப் பெட்டிக்கு மட்டும் விடை எழுதியிருக்கட்டும். ஒவ்வொன்றும் நினைவில் ஏற ஏற அந்த விடையை மறைத்து ஒட்டுங்கள். நீளமான கணக்கு போடும்போது 7 × 8-க்காக நின்றுபோய்க் கணக்கின் படியையே மறந்துவிடாமல் இருக்க அது வேண்டும்.

இமெயிலில் அனுப்புங்கள், வாயால் சொன்னது நிற்காது. எஸ்என்ஏ 1 தொடங்கியாகிவிட்டதா என்று கேட்டு, சைக்காலஜிஸ்ட் அறிக்கையை மறுபடி இணையுங்கள். இந்த டெர்ம் முடிவதற்குள் ஒரு சந்திப்புக்குத் தேதி கேளுங்கள். ஆதரவுக் குழுவை யார் நடத்துகிறார்கள் என்று ஆபீஸில் கேட்டு, அவருக்கும் நகல் போடுங்கள்.

சென்சூரியன்_அம்மா:

இன்று ராத்திரியே எழுதுகிறேன், டீச்சர். அனுப்புவதற்கு முன் இங்கே ஒட்டுகிறேன், யாராவது என் இங்கிலீஷைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த்_பையன்:

ஒட்டுங்க ஆன்ட்டி, நான் பார்க்கிறேன். ராஜா அங்கிள், துனிக்குத் தனி இழை திறந்திருக்கேன், அங்க வாங்க.